கெமிஸ்ட்ரி மேடத்தின் கோபம்

கெமிஸ்ட்ரி மேடத்தின் கோபம்தான் எனக்கு முதலில் அறிமுகமானது. முகத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

பெரம்பலூரை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்த நான் வேலைக்குச் சேர்ந்த நாள் அது. ஏ.ஓ. என்று எல்லோரும் அழைக்கும் நிர்வாக அலுவலர், என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் தொடங்கிக் கடைசிப் பட்டம் வரை எல்லா ஒரிஜினல்களையும் வாங்கி, ஒரு பழுப்புக் கவரில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். "இங்க எல்லாருக்கும் இதான் ரூல் மேடம். பத்திரமா இருக்கும்" என்றார். வேலையை விட்டுப் போகும்வரை அவை கல்லூரியிடம்தான் இருக்கும். வேலை கிடைத்ததே பெரிது என்றிருந்த நான் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது வெளியே வராந்தாவில் ஒரு பெண்குரல் கேட்டது. அது கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக எடுத்து வைத்தது.

"லேப்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடல. அமோனியா பாட்டிலைத் தொறந்தா பிள்ளைங்களுக்குக் கண்ணு எரியுது."

"கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம்" என்றார் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்.

"யாரு?"

"என்ன மேடம்?"

"யாரு அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்? நானா, பிள்ளைங்களா, நீங்களா?"

ஏ.ஓ. என்னைப் பார்த்துச் சிரித்தார். "கெமிஸ்ட்ரி மேடம். போகப் போகப் பழகிடும்."

அன்று மதியம் முதலாண்டு மாணவர்களின் செய்முறை வகுப்பு லேப்பில் நடக்கவில்லை. கல்லூரியின் முதலாளியான கரஸ்பாண்டன்ட்டின் ஏ.சி. அறைக்கு வெளியே, வராந்தாவில் பெஞ்சு போட்டு நடந்தது. அமோனியா நெடி கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. கரஸ்பாண்டன்ட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். கெமிஸ்ட்ரி மேடம் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ம், அடுத்த டெஸ்ட்" என்றார். மறுநாள் காலையில் ஃபேன் ஓடியது.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. கல்லூரியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குள்ளமான உருவம். ஆசிட் தெறித்துச் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்த காட்டன் புடவைகள். பிறந்த வீடு மீன்சுருட்டிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது அரியலூரில். கணவர் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த ஊழியர். ஒரு மகள். நான் வரதராசன்பேட்டைக்காரி, அரியலூரில் வாடகைக்கு இருந்தேன். அதனால் கல்லூரி பஸ்ஸில் தினமும் அவர் பக்கத்து சீட் எனக்கு. முன்னால் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசிக்கு ஜன்னலை மூடுவதும் திறப்பதுமாகப் பேசிக்கொண்டு வருவோம். என் பெயர் லூர்துமேரி. அவருக்கு நான் லூர்து.

கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். "எதிர நிக்கிறவங்க மொகம் கலங்கலாத் தெரிஞ்சாத்தான் எனக்குச் சொல்ல வேண்டியதச் சொல்ல வரும்" என்று ஒருமுறை காரணம் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் கோபப்படுகிறவர் இல்லை அவர். பிள்ளைகள் பியூரெட் கண்ணாடிக் குழாயை உடைத்தால் கோபம் வராது. தப்பான விடைக்குக் கோபம் வராது. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிய சரியான விடைக்கு வரும். ஒருநாள் ஆசிட் பாட்டில் ஒன்றைக் காணோம் என்று லேப் அட்டெண்டர் செல்வராணியை மாணவர்கள் முன்னாலேயே வறுத்தெடுத்துவிட்டார். பாட்டிலை இடம் மாற்றி வைத்தது தான்தான் என்று மறுநாள் ஞாபகம் வந்தது. அதே மாணவர்களை மறுபடி லேப்புக்கு வரவழைத்து, "தப்பு என்னுது. செல்வராணி மேல ஒண்ணுமில்ல" என்றார்.

"விடுங்க மேடம்" என்று செல்வராணி நெளிந்தாள்.

"எப்படி விடுறது? திட்டும்போது இவங்க எல்லாரும் கேட்டாங்கல்ல?"

அவரோடு இருப்பது எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். சில சாயங்காலங்களில் அவர் பஸ் ஏறும் விதத்தைப் பார்த்தே, நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் சாய்ந்துகொள்வேன். ஆனால் அந்தக் கல்லூரியில் நாங்கள் எல்லோரும் விழுங்கிக்கொண்டதை அவர் ஒருவர்தான் வெளியே சொன்னார். இன்றைக்கு அவரை நினைக்கும்போது எனக்கு வருவதும் கோபம்தான், அவர் மேல் இல்லை.

அந்த ஆண்டு கல்லூரிக்குத் தரச்சான்று வாங்கும் வேலை தொடங்கியிருந்தது. ஆசிரியர்கள் பெயரில் பேட்டன்ட் விண்ணப்பங்கள், அதாவது புதுக் கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்கும் விண்ணப்பங்கள், நிறைய இருந்தால் மதிப்பெண் கூடுமாம். டீன் எங்களைச் செமினார் ஹாலில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் பெயரிலும் ஏதாவது இருந்தே ஆகவேண்டும் என்றார். நாங்கள் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வெளியூர் கன்சல்டன்ட் ஒருவர் எழுதித் தருவார், நாங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். என் பங்குக்கு வந்தது, செயற்கை நுண்ணறிவும் சூரிய சக்தியும் கொண்டு வெங்காயம் உரிக்கும் கருவி. நான் இலக்கணம் நடத்துகிறவள்.

கெமிஸ்ட்ரி மேடம் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். எழுந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

"சார், இது உரிக்குமா?"

டீனுக்குப் புரியவில்லை. "எது மேடம்?"

"வெங்காயம் சார். நம்ம ஊர்ல வெளையிற வெங்காயம். இந்த மிஷினு உரிக்குமா?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது.

"உரிக்கணும்னு அவசியமில்ல மேடம். பப்ளிஷ் ஆனா போதும்."

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"லூர்துமேரி மேடம்."

"அது அவங்களுக்குத் தெரியுமா சார்?"

மறுபடியும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. தனக்கு வந்த தாளை டீனின் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மற்ற எல்லோர் பெயரிலும் விண்ணப்பங்கள் போயின. இன்றும் இணையத்தில் தேடினால் அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவள் என்று என் பெயர் வரும். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சிரித்துவிட்டுக் கடக்க முடியாத ஒன்றும் அந்த விண்ணப்பங்களில் இருந்தது. எறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் மகள் சுகந்தி கடைசி ஆண்டில் படித்தாள். சர்க்கரை ஆலையில் குப்பையாகக் குவியும் கரும்புச்சக்கைச் சாம்பலைப் பக்குவம் செய்து, குடிதண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடைக் குறைக்க ஒரு வடிகட்டி செய்திருந்தாள். வகுப்பு முடிந்த பிறகு கெமிஸ்ட்ரி மேடத்தின் லேப்பிலேயே கிடந்து செய்தது. அது உண்மையிலேயே வேலை செய்தது. அதற்கும் விண்ணப்பம் போனது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் கரஸ்பாண்டன்ட்டின் மகன் பெயர் இருந்தது. அவன் அந்த லேப் படியை மிதித்ததே இல்லை. சுகந்தியின் பெயர் எங்கேயும் இல்லை.

மேடம் சுகந்தியையும் அவள் அப்பாவையும் லேப்புக்கு வரச் சொன்னார். எதிர்ப்பு மனுப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது, தான் கூட நிற்பதாகச் சொன்னார். அந்த மனிதர் உட்காரவே இல்லை.

"வேணாங்க மேடம். பொண்ணு இன்னும் ஒரு செமஸ்டர் பாஸ் பண்ணணும். டிகிரி கைக்கு வந்தாப் போதுங்க. அவங்ககிட்டல்லாம் நாங்க மோத முடியுங்களா?"

சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, "சரிங்க. பாத்துப் பத்திரமாப் போங்க" என்றார். அவர் கோபத்தை விழுங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அவரைப் பார்க்க, உடம்புக்கு ஆகாததைத் தின்றவர்போல இருந்தது.

அன்று பஸ்ஸில் அவர் பேரளி தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"இந்த விண்ணப்பத்தையெல்லாம் படிக்கிறதுக்கு கவர்மெண்ட்ல ஆள் உண்டு லூர்து. பேட்டன்ட் எக்ஸாமினர்னு பேரு. பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்காங்க. எழுதப் போறேன்."

"அதுல போயி என்ன பண்ணப் போறீங்க மேடம்?"

"யாரு யாருகிட்டத் திருடுனாங்கன்னு அங்க இருக்கறவங்களுக்குத் தெரியாது. ஆனா இது புதுசா, ஏற்கெனவே இருக்கறதா, உரிக்குமா உரிக்காதான்னு பாக்க வேண்டியது அவங்கதான். அந்த நாற்காலியில கோவப்படுற ஆளு ஒருத்தராவது இருக்கணும்ல?"

வயது வரம்பில் அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. முதல் தேர்விலும் அடுத்த தேர்விலும் தேறினார். டெல்லியில் இன்டர்வியூ என்று கடிதம் வந்தது.

நான் ஆங்கிலம் நடத்துகிறவள் என்பதால் பயிற்சி என் பொறுப்பாயிற்று. கல்லூரி பஸ் கிளம்புவதற்கு முன்னால் இருக்கும் கொஞ்ச நேரத்தில், காலியான லேப்பில், நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பேன்.

"உங்களோட பலவீனம் என்ன?"

"எனக்கு பலவீனம் இருந்தா அவங்க கண்டுபிடிக்கட்டும். நான் எதுக்கு எடுத்துக் குடுக்கணும்?"

"மேடம், இப்படிப் பேசுனா நன்றி, போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவாங்க."

"சரி, சரி. வேற கேளு."

"கோவப்படாதீங்க. அது ஒண்ணுதான் நான் சொல்றது. கண்ணாடி மேல கை போகவே கூடாது."

"போகல" என்பார், போன கையை மடிக்கு இறக்கியபடி.

இன்டர்வியூ அன்று எல்லா ஒரிஜினல் சான்றிதழ்களையும் காட்ட வேண்டும். ஏ.ஓ.விடம் கேட்டார். கரஸ்பாண்டன்ட்டைப் பாருங்கள் என்றார் அவர். "நீயும் வா. ஒரு ஆளு கூட இருந்தா நல்லது" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கரஸ்பாண்டன்ட் எப்போதும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர். "வாங்கம்மா, உக்காருங்க. டெல்லி வரைக்கும் போறீங்களாமே? நமக்கெல்லாம் பெருமை."

"சர்டிபிகேட் வேணும் சார். இன்டர்வியூ முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறேன்."

"தாராளமா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு." ஒரு தாளை நகர்த்தினார். சுகந்தியின் வடிகட்டி விண்ணப்பத்தில் பெயர் சேர்ப்பதற்கானது. பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்லக் கெமிஸ்ட்ரி தெரிந்தவர் ஒருவர் பெயரும் இருக்க வேண்டும் என்று கன்சல்டன்ட் சொல்லியிருந்தாராம். கரஸ்பாண்டன்ட் மகனின் பெயருக்குக் கீழே மேடத்தின் பெயரை ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தார்கள். "இன்டர்வியூல உங்க பேர்ல பேட்டன்ட் இருக்கான்னு கேப்பாங்கம்மா. இது உங்களுக்குத்தான் நல்லது. ஒரு கையெழுத்து. சர்டிபிகேட் உடனே கையில."

"இது சுகந்தி செஞ்சது சார்."

"நம்ம காலேஜ்ல செஞ்சது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா."

"யாரு?" என்றார் மேடம்.

கரஸ்பாண்டன்ட் முகத்திலிருந்த இனிப்பு போய்விட்டது. "அப்படின்னா மூணு மாச நோட்டீஸ் குடுத்துட்டுப் போங்க. ரூல் என்னவோ அதன்படி தருவோம்." இன்டர்வியூவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மேடம் மேலே, உயர்கல்வித் துறைக்கு மனுப் போட்டார். மனு எங்கெங்கோ சுற்றிவிட்டு, விளக்கம் தரவும் என்ற குறிப்போடு கல்லூரிக்கே வந்து சேர்ந்தது. ஏ.ஓ. அதை அவரிடமே எடுத்துக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். ஒருவருடைய படிப்பைப் பீரோவில் பூட்டிவைத்துக்கொண்டு, அதை அவரே வந்து கெஞ்சிக் கேட்கும்போது சிரிக்க முடிகிறது என்றால், அந்த ஆளுக்கு வீட்டில் சோறு எப்படி இறங்கும் என்று நினைத்தேன். இறங்கத்தான் செய்தது. நன்றாகவே இருந்தார்.

இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் தரச்சான்றுக் குழு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் போர்டிகோவில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் நேரே கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போனார். நான் பின்னால் போனேன். இந்த முறை அவர் உட்காரவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் கமிட்டி வருதுல்ல சார்? நான் போர்டிகோவுல உக்காந்திருப்பேன். ஏன் உக்காந்திருக்கீங்கன்னு கேட்டாங்கன்னா சொல்லுவேன். எந்தெந்த மிஷினு உரிக்காதுங்கறதையும் சேத்துச் சொல்லுவேன்."

"என்னம்மா, மிரட்டுறீங்களா?"

"ஆமா சார்."

இல்லை என்ற பதிலுக்கே பழகியவர் கரஸ்பாண்டன்ட். மணியை அழுத்தினார். ஏ.ஓ. பழுப்புக் கவரைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு வெள்ளைத்தாள். இன்றே வேலையிலிருந்து விலகுகிறேன் என்று ஒரே வரி டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் கவரை எடுத்துக்கொள்ளலாம்.

நான் மேடத்தின் முழங்கையைத் தொட்டேன். இன்டர்வியூ இன்னும் முடியவில்லை, வேலை கிடைக்குமா என்று தெரியாது. அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கவரைப் பிரித்து ஒவ்வொரு சான்றிதழையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லாம் இருந்தன. லேப்புக்கு வந்து கையைக் கழுவினார், சாவியைச் செல்வராணியிடம் கொடுத்தார், கிளம்பிவிட்டார். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். மேடம் போய்விட்டது அவர்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருவேளை கெடைக்கலைன்னா?"

"கெடைக்கலைன்னா கோவமா இருப்பேன். இப்ப மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டா இருக்கேன்?"

கணவர் எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் தேடத் தொடங்கினார். "ஸ்வெட்டர் ஒண்ணு இருந்துச்சு. டெல்லியில குளிரும்" என்றார்.

டெல்லியில் நடந்ததை அவர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வைத்துச் சொன்னார். கொடியில் காய்ந்த துணிகளில் சிமெண்ட் தூசி படிந்திருந்தது. ஒவ்வொன்றாக உதறிக்கொண்டே சொன்னார்.

"அஞ்சு பேரு. மொதல்ல அரியலூரா, அங்கதானே கடல் பிராணி ஃபாசில் கெடைக்குதுன்னு ஒருத்தர் கேட்டாரு. ஆமா சார், அதுக்குப் பக்கத்துலதான் தோண்டி சிமெண்ட் பண்றோம்னேன். சிரிச்சாங்க. பாடத்துல கேட்டதுக்கெல்லாம் நல்லாத்தான் சொன்னேன். அப்புறம் ஓரத்துல இருந்த அம்மா ஒருத்தங்க கேட்டாங்க. உங்க காலேஜ் பேர்ல இவ்வளவு பேட்டன்ட் அப்ளிகேஷன் இருக்கு, ஒண்ணுலகூட உங்க பேரு இல்லியே, ஆராய்ச்சியில ஆர்வம் இல்லியான்னு."

"கண்ணாடி?" என்றேன்.

"கழட்டிட்டேன். கழட்டும்போதே நெனச்சேன், லூர்து திட்டப் போறான்னு."

"என்ன சொன்னீங்க?"

"அதுல ஒண்ணைத் தவிர எதுவும் அங்க கண்டுபிடிச்சது இல்ல மேடம்னேன். அந்த ஒண்ணும் போட்டிருக்கற பேருக்காரங்க கண்டுபிடிச்சது இல்லைன்னேன். நடுவுல இருந்த பெரியவரு, சொந்த நிறுவனத்தையே குத்தம் சொல்றீங்களான்னாரு. போன வாரம் வரைக்கும் சொந்த நிறுவனம் சார், இப்ப எனக்கு வேலை இல்லைன்னேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"இரு. அவரு கேட்டாரு, நீங்க எக்ஸாமினரா வந்து, அதே காலேஜோட அப்ளிகேஷன் உங்க மேஜைக்கு வந்தா என்ன பண்ணுவீங்கன்னு."

"அதுக்கு?"

"மொதல்ல மேலதிகாரிகிட்டப் போய், நான் அங்க வேலை பாத்தவ, எனக்கு அவங்க மேல கோவம் இருக்கு, வேற யாருகிட்டயாவது குடுங்கன்னு சொல்லுவேன்னேன். இல்ல நீங்களேதான் பாக்கணும்னாங்கன்னா, முழுசாப் படிப்பேன். மத்ததை எப்படிப் படிப்பேனோ அப்படி. புதுசா இருந்தா புதுசுன்னு எழுதுவேன். பேரைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வரும். ஆனா ரிப்போர்ட்ல கோவத்தை எழுத எடமில்லையே சார்னேன்."

"அவங்க மொகம் எப்படி இருந்துச்சு?"

"கண்ணாடி போடல. தெரியல" என்று ஒரு புடவையை ஓங்கி உதறினார்.

முடிவு வர மாதங்கள் ஆயின. அவர் வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். கல்லூரி ஸ்டாஃப் ரூமில் அவரைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. "வாயாலயே கெட்டாங்க" என்றார் ஒருவர். "இருந்த வேலையும் போச்சு" என்றார் இன்னொருவர், நிம்மதியாக. செமினார் ஹாலில் அவர் கேட்டதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான். அவருக்குக் கிடைக்காமல் போனால் இவர்கள் பண்ணியதெல்லாம் சரி என்று ஆகிவிடும், அதற்காகவே காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

தேர்வானவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கொல்கத்தாவில் வேலை.

அந்த வாரமே பெரம்பலூர் நான்கு ரோட்டில் கல்லூரியின் ஃப்ளெக்ஸ் ஒன்று முளைத்தது. கரஸ்பாண்டன்ட் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் மகன். நடுவில் டீன். ‘எங்கள் ஆசிரியர் மத்திய அரசின் பேட்டன்ட் அதிகாரியானார்! உருவாக்கியது எங்கள் கல்லூரி!’ கீழ் மூலையில் ஐ.டி. கார்டிலிருந்து எடுத்த மேடத்தின் படம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எங்க நிக்கிற? அங்கயே இரு" என்றார்.

அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "கத்தரியைக் கொஞ்சம் குடுங்க, இந்தா தந்துடறேன்" என்று வாங்கினார். மூலையில் குனிந்து தன் படத்தைச் சதுரமாக வெட்டத் தொடங்கினார். ஃப்ளெக்ஸ் தடிப்பாக இருந்தது, நேரம் பிடித்தது. போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"மேடம், என்ன பண்றீங்க? யாரு போர்டு இது?"

"போர்டு அவங்களுது. மூஞ்சி என்னுது. என்னுதை மட்டும் எடுத்துக்கறேன்."

அவர் படத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க மேடம். ஆள் கூடுது பாருங்க" என்று திரும்பிப் போய்விட்டார். மேடம் கத்தரியைக் கொடுத்துவிட்டு, வெட்டிய துண்டைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய ஃப்ளெக்ஸில் எல்லோரும் ஓட்டைக்கு மேலே கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

எதிரே இருந்த கடையில் டீ குடித்தோம். பாதி குடித்த பிறகு கேட்டார், "உன் சர்டிபிகேட்டை எப்ப வாங்கப் போற?"

"நான் எங்கயும் போகலையே மேடம். வாங்கி என்ன பண்ணப் போறேன்?"

"எங்கயாவது போனாத்தான் உன்னுது உன்னுதாகுமா?"

என் மேல் அவர் கோபப்பட்டது அதுதான் முதலும் கடைசியும். பஸ் வந்தது, ஏறிவிட்டார். அடுத்த வாரம் குடும்பத்தோடு ரயிலேறிவிட்டார். போனில் பேசுவதுண்டு, ஆனால் அதற்குப் பிறகு அவரை நான் நேரில் பார்க்கவில்லை.

டீக்கடையில் அப்படிக் கேட்டதற்கு மறுநாள் காலை, முதல் பீரியடுக்கு முன்னால் ஏ.ஓ.விடம் போய் நின்றேன்.

"சார், என் சர்டிபிகேட் வேணும்."

"வேற எடத்துல வேலை கெடச்சிருக்கா மேடம்?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு?"

"என்னோடது சார், அதான்."

நாளைக்கு வாங்க என்றார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். என்னைப் பார்த்து, கணக்கு நடத்தும் மேடம் ஒருநாள் வந்து நின்றார், அப்புறம் ஃபிசிக்ஸ் சார், அப்புறம் இன்னும் சிலர். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. ஏ.ஓ.வும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். ஒரு நாள் காலை பீரோவைத் திறந்து, கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் பக்கம் எறிந்தார்.

என் கவர் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். மணி அடித்துவிட்டதால் அதோடு நேரே வகுப்புக்குப் போனேன். மேஜைமேல் வைத்துக்கொண்டு, அன்றைய பாடத்தை நடத்தினேன்.